தங்கைக்கு பி.எஸ்சி. நர்சிங்: எதைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

கொடுமுடியான்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உயிரியல் குரூப், 600-க்கு 471. நீட் எழுதவில்லை. பாட்டி படுக்கையில் கிடந்த காலத்தில் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, புரட்டிப் படுக்க வைத்ததெல்லாம் அவள்தான். நர்சிங் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று உறுதியாக இருக்கிறாள். அதனால் "வேறு படிப்பில் சேருங்கள்" என்பதைத் தவிர எந்த யோசனையும் சொல்லுங்கள்.

நான் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். என் சம்பளமும் அம்மாவின் தையல் வருமானமும்தான் வீட்டுக்கு.

பாராமெடிக்கல் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்துவிட்டோம், ரேங்க் இன்னும் வரவில்லை. அரசுக் கல்லூரி கிடைப்பது கஷ்டம், தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கலாம் என்கிறார்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு புதிய கல்லூரி இருக்கிறது. கட்டடம் பளபளவென்று இருக்கிறது, ஏ.சி. வகுப்பறை, வீட்டு வாசலுக்கே பஸ். மேனேஜ்மென்ட் சீட் தருகிறோம் என்கிறார்கள். மூன்றாவது, பெங்களூரு. ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, நான்கு வருடத்துக்கும் ஹாஸ்டலோடு சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று சொல்லி, இந்த வாரத்துக்குள் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். நான்காவது, அம்மாவின் தோழி சொன்னது: ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஜி.என்.எம். என்ற மூன்று வருட நர்சிங் டிப்ளமோ, செலவு மிகக் குறைவு.

எனக்கு இந்தத் துறை பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

வார்டு சிஸ்டர்:

தம்பி, முதல் காரியம், அந்த அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். இந்த வாரமே கொடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர் கையில் சீட் இல்லை, கமிஷன்தான் இருக்கிறது. ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் திரும்ப வாங்கவே ஒரு தொகை கேட்பார்கள்.

நான் தென்மாவட்டத்தில் ஒரு அரசு தலைமை மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வார்டுக்கு எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சிக்கு, வருகிறார்கள். எந்தக் கல்லூரிப் பிள்ளை என்று யூனிஃபார்மைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவேன். சொந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கும் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "அம்மா, ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்டுவிட்டு பி.பி. பார்க்கும். சொந்த ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரிப் பிள்ளைகள் பல பேர் சுவர் ஓரமாக நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். அது அந்தப் பிள்ளைகளின் குற்றமே இல்லை. தொட்டுப் பழக இடம் கொடுத்தால்தானே பயம் போகும்!

லேபர் ரூமில் இன்னும் மோசம். ஒரே நாளில் மூன்று, நான்கு கல்லூரிகள் போஸ்டிங் போட்டிருப்பார்கள். ஒரு பிரசவத்தைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். ஒருத்தி கையுறை போட்டு உதவி செய்வாள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பயிற்சியைப் பதியும் லாக் புக்கில் மட்டும் எல்லோருக்கும் கணக்கு ஏறிவிடும்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போனால் வகுப்பறையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அவர்களுடைய ஆஸ்பத்திரி எங்கே என்று கேளுங்கள். அங்கே போய் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். நான் சொல்வது இந்த ஒன்றுதான்.

பாடம் எடுப்பவள்:

மேலே சிஸ்டர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் நர்சிங் கல்லூரி ஆசிரியை. அங்கீகார விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்கு மூன்று இடங்களில் ஒப்புதல் வேண்டும். டெல்லியில் உள்ள இந்திய நர்சிங் கவுன்சில் ஒன்று, இது 1947-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. இரண்டாவது தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சில். படித்து முடித்ததும் உங்கள் தங்கை பெயரைப் பதிவு செய்யப்போவது இவர்கள்தான், அந்தப் பதிவு இல்லாமல் அவர் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. மூன்றாவது கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. பட்டம் தருவது அவர்கள். தனிப் பல்கலைக்கழகமாக இருந்தால் பட்டத்தை அவர்களே தருவார்கள், ஆனால் இரண்டு கவுன்சில்களின் ஒப்புதல் அவர்களுக்கும் கட்டாயம். 2023-ல் தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் என்று புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. பழைய கவுன்சிலின் இடத்துக்கு ஆணையம் வருவதுதான் அதன் சாரம். பெயர் மாறினாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறாது.

அந்தக் கேள்வி: "இந்தக் கல்வியாண்டுக்கு, இத்தனை இடங்களுக்கு, பி.எஸ்சி. படிப்புக்கு ஒப்புதல் இருக்கிறதா?" ஜி.என்.எம். நடத்த அனுமதி வாங்கிவிட்டு அதே கடிதத்தை பி.எஸ்சி.க்கும் காட்டுவார்கள். 40 இடத்துக்கு வாங்கிவிட்டு 60 பேரைச் சேர்ப்பவர்களும் உண்டு. மிச்சம் இருபது பேர் பரீட்சைக் கட்டணம் கட்டும் நேரத்தில் அழுதுகொண்டு நிற்பார்கள். கவுன்சில் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. கல்லூரி கொடுக்கும் ஜெராக்ஸை நம்பாமல் அங்கே நீங்களே பெயரைத் தேடுங்கள்.

ஆஸ்பத்திரி பற்றி விதி என்னவென்றால், கல்லூரிக்குத் தாய் மருத்துவமனையாக, அதாவது சொந்த ஆஸ்பத்திரியாக, குறைந்தது 100 படுக்கை இருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது பயிற்சிக்கான விகிதம். காகிதத்தில் எல்லோரும் இதைக் காட்டிவிடுவார்கள். படுக்கை இருப்பது வேறு, அதில் நோயாளி இருப்பது வேறு.

கொடுமுடியான்:

அக்கா, டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. ஏஜென்ட் நேற்று இரவு மறுபடி போன் செய்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டேன்.

பெங்களூரு முழுக்கவே வேண்டாமா? எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் அங்கே படித்து இப்போது நல்ல வேலையில் இருக்கிறார்கள்.

ஏழாம் செமஸ்டர்:

அண்ணா, நான் பெங்களூரில்தான் படிக்கிறேன். சேலம் பக்கம். இங்கே நல்ல கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பில், பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோடு சேர்ந்து இயங்குபவை. எங்களுக்கு ஐ.சி.யூ., டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று எல்லாப் போஸ்டிங்கும் ஒரே வளாகத்தில். எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை.

ஆனால் ஏஜென்ட் மூலம் வருகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் கல்லூரிகள் இல்லை. என் ஹாஸ்டல் அறையில் முன்பு இருந்த பெண் வேறு கல்லூரி. மூன்று மாடி வாடகைக் கட்டடம், கீழே கடைகள். பேக்கேஜ் என்று சொன்னதில் பரீட்சைக் கட்டணம், யூனிஃபார்ம், போஸ்டிங் போக வண்டிச் செலவு எதுவும் சேரவில்லை. ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு புதுக் கட்டணம். வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று கேட்டபோது நான்கு வருடப் பணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். கர்நாடகத்தில் மாநில ஒப்புதலை மட்டும் வைத்துக்கொண்டு, இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் இல்லாமலே நடத்தும் கல்லூரிகள் உண்டு. அது கோர்ட் வரை போன பழைய சண்டை. அப்படிப்பட்ட கல்லூரியில் படித்துவிட்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பி அங்கே பதிவை மாற்றப் போனால் சிக்கல். உங்கள் ஏஜென்டிடம் கல்லூரியின் முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார் என்று நினைக்கிறேன். "உங்களுக்கு நல்ல காலேஜாப் பார்த்துப் போட்டுடறேன்" என்பார்கள்.

மொழியும் இருக்கிறது. போஸ்டிங்கில் நோயாளி கன்னடம்தான் பேசுவார். சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம், ஆனால் முதல் வருடம் கஷ்டமாக இருக்கும்.

நாமக்கல் அப்பா:

என் மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கவுன்சிலிங் மூலம் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் அதற்கான கல்விக் கட்டணம் மேனேஜ்மென்ட் சீட்டை விடக் குறைவு. ஆனால் ஹாஸ்டலும் மெஸ்ஸும் கல்லூரி வைப்பதுதான். சேரும் முன் "நான்கு வருடத்துக்கும் என்னென்ன கட்டணம், எந்தத் தேதியில்" என்று எழுத்தில் வாங்குங்கள். தராத கல்லூரியில் சேர்க்காதீர்கள். நான் மூன்று கல்லூரியில் கேட்டேன், ஒன்றுதான் கொடுத்தது. மகள் படிப்பது அங்கேதான்.

உங்கள் தங்கை 6-லிருந்து 12 வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022-ல் ஆரம்பித்த திட்டம். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். என் மகளின் பஸ், புத்தகம், ரெக்கார்டு நோட்டுச் செலவு அதிலேயே ஓடுகிறது.

வங்கிக் கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. மேனேஜர் கேட்டால் மேல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கவுன்சிலிங் கடிதத்தோடு போனால் மரியாதையாகப் பேசுகிறார்கள், மேனேஜ்மென்ட் சீட் என்றால் இழுத்தடிக்கிறார்கள்.

கொடுமுடியான்:

ஐயா, ஆமாம், முழுக்க அரசுப் பள்ளிதான். இது எனக்குப் பெரிய தகவல்.

ஜி.என்.எம். பற்றி யாராவது சொல்லுங்கள். அந்த மிஷன் ஆஸ்பத்திரி பழையது, எப்போதும் கூட்டம் இருக்கும். சொந்த ஆஸ்பத்திரிதான் முக்கியம் என்று நீங்கள் எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் அதுவே நல்லது போல் தோன்றுகிறது. அம்மாவுக்கும் அதுதான் விருப்பம்.

ஐசியூ நைட்:

அண்ணா, சென்னையில் தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் ஆண் நர்ஸ் நான். பயோ குரூப் முடித்த பெண்ணை, பி.எஸ்சி.க்கு வழி இருக்கும்போது ஜி.என்.எம்.மில் சேர்க்காதீர்கள்.

ஜி.என்.எம். டிப்ளமோ. எந்த குரூப் படித்தவர்களும் சேரலாம். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். உங்கள் தங்கையிடம் அது இருக்கிறது. ஒரு உதாரணம்: எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கும் நார்செட் தேர்வு 2020-லிருந்து நடக்கிறது. பி.எஸ்சி. முடித்து கவுன்சிலில் பதிவு செய்தால் உடனே எழுதலாம். ஜி.என்.எம். என்றால் 50 படுக்கை ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம் காட்டினால்தான் எழுத விடுவார்கள். அந்த வேலைக்கு அடிப்படைச் சம்பளமே 44,900. அந்த இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் மிச்சம் 20-க்கு மோதுகிறோம். உங்கள் தங்கைக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, அதைத் தள்ளிப் போடுவானேன்?

பிற்பாடு எம்.எஸ்சி. படிக்க, கல்லூரியில் ஆசிரியராக எல்லாவற்றுக்கும் பட்டம்தான் வேண்டும்.

வார்டு சிஸ்டர்:

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நான் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் ஜி.என்.எம். படித்தவள், அதுவும் மிஷன் ஆஸ்பத்திரியில்.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார். அங்கேயே 1946-ல் பட்டப்படிப்பும் வந்தது. நாட்டிலேயே முதன்முதலில் நர்சிங் பட்டப்படிப்பு வந்த இடங்களில் அதுவும் ஒன்று. அந்த மரபில் வளர்ந்த மிஷன் ஆஸ்பத்திரிகள் இன்றும் மாணவியை வார்டிலேயே வளர்க்கின்றன. நாங்கள் படிக்கும்போது மூத்த சிஸ்டர் ஒருவர் படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால் மறுபடி விரிக்கச் சொல்வார். அந்த மடிப்பு பக்கவாத நோயாளியின் முதுகில் புண்ணாகும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். படித்து முடித்த முதல் நாளே தனியாக ஒரு வார்டைப் பார்த்துக்கொள்ளும் தைரியம் எங்களுக்கு இருந்தது. ஆஸ்பத்திரியே இல்லாத கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, நரம்பில் மருந்து ஏற்றும் கேனுலா போடக் கை நடுங்குகிற பிள்ளைகளை நான் இன்றும் பார்க்கிறேன்.

நான் பிறகு, ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தேன். தமிழ்நாட்டில் எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு நர்ஸ் வேலைக்கு ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டுமே தகுதிதான். ஆகவே ஜி.என்.எம். என்றால் வாழ்க்கை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஐசியூ நைட்:

அக்கா, உங்கள் அனுபவத்துக்கு முன் நான் சின்னவன். ஆனால் மூன்று வருடம் ஜி.என்.எம்., இரண்டு வருடம் போஸ்ட் பேசிக், இடையில் வேலை என்று கூட்டினால் பட்டம் கையில் வர ஆறேழு வருடம் ஆகிறது. நேரடியாகப் போனால் நான்கு. அந்த அண்ணன் வீட்டுக்கு அந்த இடைவெளி பெரிது. நல்ல ஆஸ்பத்திரி உள்ள பி.எஸ்சி. கல்லூரி கிடைத்தால் இரண்டும் கிடைத்துவிடும் இல்லையா?

வார்டு சிஸ்டர்:

கிடைத்தால் அதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி இல்லாத பி.எஸ்சி.யா, நல்ல ஆஸ்பத்திரியில் ஜி.என்.எம்.மா என்று வந்தால் நான் ஜி.என்.எம். பக்கம்தான் நிற்பேன். அதில் மாற்றமில்லை.

மான்செஸ்டர் மதுரை:

பிற்காலத்தில் வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள். நான் முதலில் குவைத்தில் இருந்தேன், இப்போது இங்கிலாந்தில்.

இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டையும் ஏற்கிறது. ஒரு கணினித் தேர்வு, இங்கே வந்தபின் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. ஆங்கிலத்துக்கு ஐயெல்ட்ஸில் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். இல்லையென்றால் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் பி கிரேடு, எழுத்தில் சி பிளஸ். ஜெர்மனிக்கு பி2 அளவு ஜெர்மன் மொழி. வளைகுடாவுக்குப் பெரும்பாலும் 2 வருட அனுபவமும், சான்றிதழ்களை மூலத்திலேயே போய்ச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோவும்.

இந்தச் சரிபார்ப்பில்தான் கல்லூரி வந்து நிற்கும். அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸுக்கு விண்ணப்பித்தால், பொது மருத்துவம், பிரசவம், குழந்தை நலம், மனநலம் ஒவ்வொன்றிலும் வகுப்பு எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று கல்லூரி தன் முத்திரையோடு அனுப்ப வேண்டும். நீங்கள் படித்து எட்டு, பத்து வருடம் கழித்தும் கல்லூரி உயிரோடு இருக்க வேண்டும், ஆபீஸில் பழைய பதிவேடு இருக்க வேண்டும், அனுப்ப மனதும் இருக்க வேண்டும். என்னோடு குவைத்தில் இருந்த ஒரு பெண்ணின் கல்லூரி மூடிவிட்டது. அவளுடைய காகிதங்களுக்காக அவள் அப்பா பல்கலைக்கழகத்துக்கும் கவுன்சிலுக்கும் அலைந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் புதுக் கல்லூரி என்றால் எனக்குப் பயம்.

மனநலப் போஸ்டிங் எங்கே என்றும் கேளுங்கள். 1794-லிருந்து இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் மாணவிகளை அழைத்துப் போய் தங்க வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். அப்படி ஒரு ஏற்பாடு உள்ள கல்லூரி பாடத்திட்டத்தை மதிக்கிறது என்று அர்த்தம்.

வேலைக்கு வெளிநாடு போகும்போது தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, ஏஜென்டுகளைத் தேட வேண்டாம். அது நான்கு வருடம் கழித்துப் பேச வேண்டிய விஷயம்.

பாடம் எடுப்பவள்:

கொடுமுடியான், நேரில் பார்க்கப் போகும்போது என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன். பிரின்சிபாலிடம் கேட்பதை விட மூன்றாம் வருட, நான்காம் வருட மாணவிகளிடம் கேளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால் மெஸ் வாசலில் இருப்பார்கள். தங்கையையும் அழைத்துப் போங்கள், பெண்பிள்ளைகள் அவளிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

"வார்டில் உங்களோடு ஆசிரியர் வருவாரா, தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவாரா?" இதுதான் என்னுடைய முதல் கேள்வியாக இருக்கும். ஆசிரியர் கூட இல்லாத போஸ்டிங்கில் மாணவி பெரும்பாலும் வேலைக்காரியாகத்தான் இருப்பாள். இரண்டாவது, எட்டாம் செமஸ்டர் பற்றி. 2021-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் கடைசி செமஸ்டரில் 22 வாரம் முழுநேர இன்டர்ன்ஷிப் உண்டு, வாரம் 48 மணி நேரம். அதை எங்கே செய்தார்கள் என்று கேளுங்கள். ஒரே சின்ன ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறையை நிரப்ப வைத்தார்களா, ஐ.சி.யூ., லேபர் ரூம், அவசரப் பிரிவு என்று சுற்றி வந்தார்களா? செய்முறையில் 100 சதவீத வருகை இல்லாமல் பட்டம் கிடையாது என்பது விதி. அந்த வருகையைக் காகிதத்தில் மட்டும் நிரப்பும் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவிகள் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

மேனேஜ்மென்ட் நடத்தும் ஆஸ்பத்திரியிலேயே படிப்பு முடிந்து ஒன்று, இரண்டு வருடம் வேலை பார்க்க பாண்ட் எழுதி வாங்குவார்களா, அதுவரை ஒரிஜினல் சான்றிதழை வைத்துக்கொள்வார்களா என்பதையும் கேளுங்கள்.

நீட் எழுதிய பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: புதுச்சேரி ஜிப்மரும், ராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் எடுக்கிறார்கள். ராணுவத்துக்குப் பெண்கள் மட்டும். படிப்பு இலவசம், முடித்ததும் அதிகாரி வேலை. அடுத்த வருடத்துக்கு நினைவில் வையுங்கள்.

கொடுமுடியான்:

ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் லீவு போட்டுத் தங்கையோடு போய்ப் பார்த்து வந்தேன்.

வீட்டுப் பக்கத்துப் புதுக் கல்லூரி: ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டேன். பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினார்கள். 100 படுக்கை என்று போர்டு இருந்தது. மேல் மாடிக்குப் போனோம். இரண்டு வார்டில் மெத்தைகளில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. கீழே ஓ.பி.யில் சில பேர் உட்கார்ந்திருந்தார்கள். போஸ்டிங் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம் என்றார்கள். மாணவிகளிடம் பேசக் கேட்டதற்கு, அட்மிஷன் முடிந்ததும் பேசலாம் என்றார்கள். ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தோம். பஸ்ஸில் வரும்போது தங்கையே "வேண்டாம்ண்ணா" என்றாள்.

இரண்டாவது, கவுன்சிலிங்கில் கிடைக்க வாய்ப்புள்ள ஒரு தனியார் கல்லூரி. வேறு மாவட்டம், மூன்று மணி நேரப் பயணம். கட்டடம் பழசு, ஹாஸ்டல் அறையில் ஐந்து பேர். ஆனால் ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. நான்காம் வருடப் பெண் ஒருவர் தங்கையை அழைத்து உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். வார்டில் டீச்சர் கூடவே இருப்பார்களாம், கேஸ் தெரியாமல் நின்றால் நன்றாகத் திட்டுவார்களாம். நைட் போஸ்டிங் உண்டாம். தங்கை முகம் மாறியதை நான் பார்த்தேன். பயமில்லை, ஆசை.

மிஷன் ஆஸ்பத்திரிக்கும் போனோம். சிஸ்டர் சொன்னதெல்லாம் உண்மை. மிக நன்றாக இருக்கிறது. பி.எஸ்சி. கிடைக்கவில்லையென்றால் இங்கே வாருங்கள் என்று அந்தப் பள்ளித் தலைமைச் சிஸ்டரே சொன்னார்.

ஒரே கவலை சம்பளம். படித்து முடித்ததும் என்ன கிடைக்கும்? கடன் வாங்கினால் கட்ட முடியுமா?

ஐசியூ நைட்:

மறைக்காமல் சொல்கிறேன் அண்ணா. தனியார் ஆஸ்பத்திரியில் முதல் வருடச் சம்பளம் குறைவு. சின்ன ஊரில் வாங்கும் தொகையை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. பனியன் கம்பெனியில் டெய்லர் அதை விட அதிகம் வாங்குவார். சென்னை, கோவை பெரிய ஆஸ்பத்திரிகளில் கொஞ்சம் மேல், ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர் அனுபவம் வந்தால் இன்னும் மேல். அரசிலும் 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்தவர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனையோ வருடம் காத்திருந்து, தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா வார்டில் நின்றவர்கள் அவர்கள்தான். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

அதனால் கடனை முடிந்தவரை சிறிதாக வாங்குங்கள், முதல் இரண்டு வருடச் சம்பளத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைசி வருடத்திலிருந்தே நார்செட், ஜிப்மர், ஈ.எஸ்.ஐ., ரயில்வே தேர்வுகளுக்குப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் சம்பளம் வந்தால் கடன் பெரிய விஷயமே இல்லை. வேலையைப் பொறுத்தவரை, நல்ல ஆஸ்பத்திரியில் பழகிய கை ஒரு நாளும் சும்மா இருக்காது.

நாமக்கல் அப்பா:

சம்பளம் உயர வேண்டும், அதற்கு எல்லோரும் குரல் கொடுக்க வேண்டும். என் மகளுக்கும் இதே கவலைதான். மூன்று மணி நேரத் தூரம் பெரிது இல்லை தம்பி. ஹாஸ்டலில் வார்டன் எண்ணையும், தங்கையின் அறைத்தோழி ஒருவரின் பெற்றோர் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடியான்:

ரேங்க் வந்துவிட்டது. அரசுக் கல்லூரிகளை முதலில் வரிசையாகப் போட்டோம், எந்த மாவட்டமானாலும் சரி என்று தங்கை சொன்னாள். அடுத்து அந்த மூன்று மணி நேரக் கல்லூரி. அதற்குக் கீழே, சொந்த ஆஸ்பத்திரியும் கவுன்சில் ஒப்புதலும் இருப்பதாக நாங்களே தேடிப் பார்த்த இன்னும் நான்கு. வீட்டுப் பக்கத்துக் கல்லூரியைப் போடவில்லை. எதுவும் கிடைக்காவிட்டால் மிஷன் ஜி.என்.எம்., அதற்கான விண்ணப்பத்தையும் வாங்கி வைத்திருக்கிறோம். ஏஜென்டிடம் கல்லூரியின் முழுப் பெயரைக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை.

அம்மாவுக்கு இரவு வேலை பற்றிப் பயம் இருந்தது. சிஸ்டர் அக்கா எழுதியதையெல்லாம் தங்கை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். சேரும் முன் வேறு ஏதாவது தயார் செய்ய வேண்டுமா?

பாடம் எடுப்பவள்:

வரிசை சரியாக இருக்கிறது, மாற்றாதீர்கள். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஒரிஜினலைச் சரிபார்க்கக் கொடுத்தால் எதையெல்லாம் கொடுத்தீர்கள் என்று கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள்.

முக்கியமாக ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. வார்டில் ஊசி குத்திக்கொள்வது எந்த மாணவிக்கும் நடக்கலாம். பல பிள்ளைகள் போஸ்டிங் ஆரம்பித்த பிறகுதான் இதைப் பற்றி நினைக்கிறார்கள். மூன்று டோஸ்: முதலாவது இப்போதே, இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம். சின்ன வயதில் போட்ட அட்டை வீட்டில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். போட்ட தேதிகளை ஒரு அட்டையில் எழுதி வாங்குங்கள், கல்லூரியிலும் கேட்பார்கள், பிறகு வேலைக்குச் சேரும் இடத்திலும் கேட்பார்கள்.